தாகமும் ஓட்டமும்

ஓடினால் நீர் ஊறுமா என்று கேட்பாருண்டு. 2007 ஜூன் 1-ம் தேதி, நியூயார்க் ஐக்கிய நாட்டு மன்றத்தினின்று 20 பேர் ஓர் அஞ்சலோட்டத்தைத் தொடங்கினர். 'புளூ பிளானட் ரன்' என்பது அதன் பெயர். தூய குடிநீரின்றித் தவிப்போரின் நிலையை உலகுக்கு உணர்த்த, ஒருவர் கைக்கோலை மற்றவர் வாங்கி, இரவு பகலாக 95 நாட்களில் 16 நாடுகளின் வழியே 15,200 மைல்கள் ஓடினர்.

அச்செலவில் கிணறுகள் வெட்டியிருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கிணறு வெட்டப் பொருளில்லாத குறையினும், வெட்டவேண்டுமென்ற நினைவில்லாத குறையே பெரிது. குழாயைத் திருகியதும் நீர் பெறும் நாம், பிறர் தாகத்தைத் தாமாக அறிவதில்லை. யாரேனும் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

2024-லும் சுமார் 210 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி கிட்டவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் கணக்கிட்டுள்ளன. அறியாதவனுக்கு ஒரு சாக்கு உண்டு. அறிந்தவனுக்கு அதுவும் இல்லை. சொன்னதோடு ஓடினவர் கடமை தீர்ந்தது. கேட்டதோடு நம் கடமை தொடங்குகிறது. கைதட்டிவிட்டு வீடு திரும்புவோமாயின், அவர்கள் நீட்டிய கோலைக் கீழே போட்டவர்கள் நாமே. ஓட இயலாதவர்களும் ஒரு கிணற்றுக்குப் பங்கு தரலாமன்றோ?