ஐயமும் துணிவும்: ரேடார் எழுப்பும் கேள்வி

கார்களின் மோதல் தவிர்ப்பு ரேடார் பொருளைக் காண்பதில்லை, ஊகிக்கிறது. 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் இக்கருவிகளில் ஒரு வகை, அலையின் கட்டத்தை ஒரு குறியீட்டின்படி மாற்றி மாற்றி அனுப்புகிறது. எதிரொலியை அதே குறியீட்டின் தாமதித்த நகலோடு ஒப்பிட்டால், சரியான தாமதத்தில் மட்டும் கூர்முனை எழும். தாமதம் 1 மைக்ரோவிநாடி என்றால் பொருள் 150 மீட்டர் தொலைவில். அடுத்த காரின் அலை வேறு குறியீட்டில் வருவதால் பெருமளவு அமுங்கிவிடும்.

ஆனால் வெறும் இரைச்சலும் சில வேளை முனை காட்டும். எந்த உயரத்துக்கு மேல் எழுந்தால் பொருள் எனக் கொள்வது? பொய் எச்சரிக்கைக்கு ஓர் உச்ச அளவை வகுத்துக்கொண்டால், அதற்குள் கண்டறியும் வாய்ப்பை மிகச் சிறப்பாக்கும் வழியைப் புள்ளியியலாளர்கள் நெய்மனும் பியர்சனும் 1933-இல் நிறுவினர். அந்த உச்ச அளவு எவ்வளவு என்று கணிதம் சொல்லாது.

ஐயத்தோடு துணியும் சிக்கல் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதை, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகையெனக் கொண்டு நெருப்பு உண்டென்று துணிவதை ஏதுப்போலிகளில், அதாவது பிழையான காரணங்களில், சேர்க்கிறது. ரேடார் செய்வது ஏறக்குறைய அதுதான். தருக்க நூலாருக்கு ஐயம் தீரும்வரை பொறுக்க முடிந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் விநாடிக்கு 28 மீட்டரை விழுங்கிவிடும். ஆகவே இங்கே கேள்வி, துணியலாமா என்பதல்ல. தவறினால் யாருக்குக் கேடு என்பது. பொருள் எனக் கொள்ளும் முனை உயரத்தின் வரம்பைத் தாழ்த்தினால், காரணமின்றி விழும் பிரேக்கால் பின்னால் வருபவருக்கு. உயர்த்தினால், சாலையைக் கடப்பவருக்கு.