செத்தவனுக்கு அடுத்தவன்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடிக்கொண்டிருந்தான். 1999இல் வந்த ஆட்டம். இவனை விட வயதில் மூத்தது. எதிராளி கணினிதான். அதன் தங்கச் சுரங்கத்தை ஒட்டி ஒரு டவர் கட்டி வைத்திருந்தான். தங்கம் வெட்டக் கணினியின் வேலையாள், ஒரு வில்லேஜர், வந்தான். டவரிலிருந்து அம்பு பாய்ந்தது, விழுந்தான். சற்று நேரத்தில் இன்னொருவன் அதே வழியில், அதே நிதானத்தில் வந்தான்.

"மாமா, இவன் செத்தா அடுத்தவன் வருவான், பாத்துட்டே இருங்க."

வந்தான். அந்த அடுத்தவன்தான் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறான்.

போர் ஆட்டம் என்று பேர்தான். பாதி நேரம் விறகு வெட்டலும் விவசாயமும். தொடக்கத்தில் கையில் 200 உணவு இருக்கும். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 ஆகும். புதிதாக ஆடுகிறவர்கள் அவசரப்பட்டுப் படை திரட்டித் தோற்பார்கள். விடாமல் ஆள் சேர்த்து, களஞ்சியம் நிறைந்த பிறகுதான் வாளுக்கு வேலை. மருமகன் இதைத் தோற்றுத் தோற்றே கற்றான். ஆனால் அந்தப் பழைய பதிப்பின் மிகக் கடினமான லெவலில் கணினிக்கு மட்டும் இலவசமாகச் சரக்கு கிடைக்கும். நேர்வழியில் ஈடுகொடுப்பது பெரும்பாடு. அப்போதுதான் டவர் வந்தது. முதலில் கையில் இருக்கும் 200 கல்லில் 125 அதற்கே போய்விடும்; போனாலும் லாபம். செத்தவனுக்கு அடுத்தவன் வருவான் என்பது தெரிந்துவிட்டதே!

மருமகனின் டவரைப் பார்த்ததும் ஆச்சியின் ஞாபகம் வந்தது. சுசீந்திரத்தில் அவள் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவாள். 3 புலி, 15 ஆடு. புலி எப்போதும் தாத்தாவுக்கு. ஆட்டைத் தனியே கண்டால் தாத்தாவால் தாவாமல் இருக்க முடியாது. ஆடாக வைத்த புளியங்கொட்டைகளில் ஒன்றை ஆச்சி வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பாள். அவர் தாவுவார், புலி அடைபடும். மறுநாளும் அதே தாவல். சில சாயங்காலங்களில் மட்டும், அடைக்க வேண்டிய கட்டத்தை அடைக்காமல் வேறெங்கோ காயை நகர்த்துவாள். புலி பிழைத்துப் போகும். தாத்தா மீசையைத் தடவிக்கொள்வார். ஏன் விட்டாள் என்று கேட்கத் தோன்றிய வயதில் கேட்பதற்கு அவள் இல்லை.

கற்றுக்கொள்ளாத கணினி என்பதால்தான் அடுத்தவன் வந்தானா? கற்றுக்கொள்ளும் கணினியைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடுவதற்காக டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல், ஒருவர் 200 ஆண்டு வரை ஆடினால் கிடைக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றது. 'மானா' என்ற பெயரில் ஆடும் போலந்து வீரரை 5-0 என்று வீழ்த்தியது. 2019 ஜனவரியில் நேரலையில் மறுபடி மோதினார்கள். இம்முறை கேமரா காட்டும் இடத்தை மட்டுமே பார்க்கக்கூடிய புதிய பதிப்பு. மானா ஒரு விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்து அதன் தளத்தோரம் இறக்கினார். ஆல்ஃபாஸ்டாரின் படை தாக்கப் போவதை விட்டுத் திரும்பி ஓடிவந்தது. மானா ஆட்களை ஏற்றிக்கொண்டு விலகினார். படை மறுபடி புறப்பட்டது. மறுபடி இறக்கினார். படை மறுபடி திரும்பியது. ஆட்டம் மானாவுக்கு. அத்தனை பயிற்சிக்குப் பிறகும் அந்த அடுத்தவன் அங்கேயும் நடந்துகொண்டுதான் இருந்தான்.

தோற்றவனையே ஆசானாக்கிய கதை ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற வழியில், தக்கலையை அடுத்து உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாய் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி அவர். மன்னர் அவரைத் தம் படைக்கே பயிற்சி தர வைத்தார். 1777இல் இறக்கும்வரை டிலனாய் திருவிதாங்கூருக்கே உழைத்தார். வென்றவன் தோற்றவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள அங்கே ஏதோ இருந்தது. டவருக்குக் கீழே விழுந்த வில்லேஜரிடம் மருமகன் எதைக் கேட்பான்?

டவர் கட்டியதற்காக மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டில் ஜெயிப்பது தப்பில்லை; கணினிக்கு வலிக்கவும் செய்யாது. என் உறுத்தல் வேறு. கூட வாழ்கிறவர்களின் தடமும் நமக்கு இப்படித்தான் தெரிந்துபோகிறது. எந்தச் சொல்லுக்கு அண்ணன் கொதிப்பார், எந்த மௌனத்துக்கு மனைவி இறங்கி வருவாள், எந்தப் புகழ்ச்சிக்கு மேலதிகாரி கையெழுத்துப் போடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. தெரிந்த பின் அங்கே டவர் கட்டுவதா, ஆச்சி மாதிரி சில நாள் விட்டுவிடுவதா? ஆச்சி விட்டது அன்பா, அலுப்பா, நாளைய ஆட்டம் நடக்க வேண்டுமே என்ற கணக்கா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உங்கள் தடமும் யாருக்கோ தெரிந்திருக்கும். அவர் ஏன் இன்னும் டவர் கட்டவில்லை என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.