‘ஆஃப்லைன்’ என்று சொல்வது யார்?

தாராவி 90 அடி ரோட்டிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்குப் பழகிப்போன காலைச் சங்கடம் இது. ஆதார் நகலுக்கு ஆட்கள் காத்து நிற்பார்கள். பிரிண்டரில் பச்சை விளக்கு எரியும். தாள் இருக்கும், மை இருக்கும். கம்ப்யூட்டர் திரை மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று சாதிக்கும்.

எதை நம்புவது?

தமிழில் இந்தக் கேள்விக்கு ‘அளவை’ என்று ஓர் இயலே இருக்கிறது. மணிமேகலையில் பௌத்தரான அறவண அடிகள் அளவை, அதாவது அறியும் வழி, இரண்டுதான் என்கிறார்: காட்சி, கருத்தளவு. மலையில் புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று கொள்வது கருத்தளவு. பிறர் சொல் உள்ளிட்ட மற்றவையெல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பத்து அளவை வரை எடுத்துக்கொண்டு, காண்டல், கருதல், உரை (பிறர் சொல்) என்ற மூன்றில் அடக்குகிறார். சைவருக்கு உரை தனி அளவை. ஏனென்றால் ஆகமத்தைச் சொன்னவன் குற்றமற்ற இறைவன்.

ஆக, கருத்தளவில் அடக்கினாலும் தனி அளவையாக்கினாலும், உரையின் மதிப்பு சொன்னவரைப் பொறுத்தது. கம்ப்யூட்டரிடமும் அதையே கேட்க வேண்டும்: உனக்கு எப்படித் தெரியும்?

அதற்கு நேரடியாக எதுவும் தெரியாது. பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைத்த அன்று குறித்துவைத்த ஐபி எண்ணைத்தான், 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம், அது இன்றும் தேடிக்கொண்டிருக்கலாம். இரவில் அணைத்த ரௌட்டரைக் காலையில் போட்டதும் பிரிண்டருக்கு 192.168.1.9 கிடைத்திருக்கலாம். பழைய எண்ணில் பதில் இல்லை, உடனே ‘ஆஃப்லைன்’. எஸ்என்எம்பி என்ற முறையில் நிலையை விசாரித்துப் பதில் வராவிட்டால், ஒழுங்காக அச்சடிக்கும் பிரிண்டரையும் விண்டோஸ் அப்படியே காட்டக்கூடும்.

பிரிண்டரின் சொந்த மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டால் இப்போதைய எண் தெரிந்துவிடும். அதுவும் உரைதான், ஆனால் தன் நிலையைத் தானே அறிந்து சொல்லும் உரை. கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணுக்கு ‘பிங்’ கொடுத்துப் பதில் வந்தால் பாதை சரி; எண் மாறியிருந்தால், கம்ப்யூட்டரில் பழைய எண்ணோடு இருக்கும் போர்ட்தான் பிழை என்று கருதலாம். பதில் வராவிட்டால், கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டில் ஒன்று ‘கெஸ்ட்’ வைஃபையில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர்களே, டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுவதற்கும், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கும் முன்னால் இந்த இரண்டையும் செய்து பாருங்கள். எண் மாறியிருந்தால் புது எண்ணுக்குப் போர்ட்டை மாற்றுங்கள். ரௌட்டரில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவையுங்கள்.