மீனுக்கு அறுப்பு இல்லை, மூச்சும் இல்லையா?

கல்லிடைக்குறிச்சியை அடுத்த அணையிலிருந்து புறப்படும் கன்னடியன் கால்வாய், தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பல குளங்களை நிரப்புகிறது. கோடையில் அவை வற்றும்போது விரால் பிடிபடும். துள்ளினால்தான் நாம் வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும் வழவழப்புப் போகச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்து, செதிலை உரசி, அரிவாள்மணையில் வைக்கிறோம். அப்போதும் அது துடிக்கிறது. "மீனுக்குத்தான் அறுப்புக் கிடையாதே" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஹலாலான உணவு என்பதோடு நம் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

ஆட்டை அறுக்கும்போது மூச்சுக் குழலும் உணவுக் குழலும் அறுபட வேண்டுமென்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். கழுத்தின் இருபக்கத்து இரத்தக் குழாய்களையும் சேர்த்து அறுப்பது சுன்னத்து. இந்நான்கில் பெரும்பான்மை அறுபட வேண்டுமென்பர் ஹனஃபீகள். கூரிய கத்தியால் அறுத்தால் மூளைக்குப் போகும் இரத்தம் குன்றி, ஆடு சில விநாடிகளில் நினைவிழக்கும். இதயம் மட்டும் தன் சொந்தத் துடிப்பால் சிறிது நேரம் அடித்துக்கொண்டு, ஓடும் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த இதயத்துக்கு நான்கு அறைகள். வலப்புறத்து இரத்தம் நுரையீரல் சென்று காற்றோடு கலந்தே இடப்புறம் வருகிறதென்று முதலில் எழுதியவர் இப்னுந் நஃபீஸ், 1288-இல் மறைந்தவர். ஐரோப்பாவில் ஹார்வியின் நூல் வந்ததோ 1628-இல்தான். இப்னுந் நஃபீஸ் ஷாஃபிஈ ஃபிக்ஹும் கற்பித்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

மீனின் இதயத்துக்கு அறைகள் இரண்டே. அது தள்ளும் இரத்தம் செவுளுக்குப் போய்ப் பிராணவாயுவை ஏற்று, இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலெங்கும் பரவுகிறது. ஒரு லிட்டர் காற்றில் பிராணவாயு சுமார் 210 மில்லிலிட்டர்; ஆற்று நீரிலோ ஐந்தாறுதான். அந்தச் சொற்பத்தை வடித்தெடுக்கவே செவுளில் அத்தனை மெல்லிய இழைகள். கரையில் போட்டால் அவை ஈரத் தலைமுடிபோல் ஒட்டிக்கொள்ளும்; சுற்றிலும் காற்றிருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். பல மீன்களுக்கு இது விராலைவிட விரைவில் முடிந்துவிடும்.

விராலின் கதை வேறு. செவுளுக்கு மேலே காற்றறை ஒன்று அதற்கு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே கரையில் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். நமக்குப் புதுமீன் என்ற திருப்தி. அதற்கு நீண்ட சாவு.

நம் இமாம்கள் இதைக் கவனியாமல் விடவில்லை. மீனை அறுப்பது மக்ரூஹ் என்று எழுதிய ஷாஃபிஈ நூல்களே, நெடுநேரம் உயிரோடிருக்கும் பெரிய மீனை அறுப்பது விரும்பத்தக்கது என்று விதிவிலக்கும் தருகின்றன. காரணம், அதற்கு ஆசுவாசம் அளிப்பது. இறைச்சி ஹலாலாவதற்கு அந்த அறுப்புத் தேவையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மீனின் வேதனை ஒன்றுக்காகவே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது! எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருப்பதாகவும், கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு ஆசுவாசம் கொடுக்க வேண்டுமெனவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிமில் பதிவான அந்த ஹதீஸ் எந்த மத்ஹபினருக்கும் பொதுவானது.

வலை நிறைய வரும் மத்தியையும் நெத்திலியையும் ஒவ்வொன்றாக அறுக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். அப்படி யாரும் சொல்லவில்லை. அடுக்களைக்கு உயிரோடு வரும் ஒன்றிரண்டு விராலைப் பற்றியே பேச்சு. தலையில் பலமாக ஓர் அடி, உடனே கூரிய கத்தியால் ஒரு வெட்டு. அடங்கிய பிறகு சாம்பலும் உப்பும் போடலாம். வீட்டில் ஆகாதென்றால் மீன்காரரிடமே செய்து தரச் சொல்லலாம்.

மாலைச் சமையலுக்காக அண்டாவில் விட்டு வைப்பவர்கள், துள்ளிவிடுமென்று விளிம்புவரை நீர் ஊற்றி இறுக மூடிவிடுகிறார்கள். மேலே வந்து காற்றை எடுக்க இடமில்லாவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். நீரைப் பாதியளவே ஊற்றி, துளையுள்ள தட்டால் மூட வேண்டும்.