பெயர் யாருடையது?

ஆசிரிய நியமனம் பெற்ற முதல் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். இடாப்பில் உதுமாலெப்பை என்றிருந்த ஒரு மாணவனை எழுப்பி, "இது பெயரே அல்ல, உஸ்மான் என்பதே சரி. வீட்டில் சொல்லி மாற்று" என்றேன். பயிற்சிக் கலாசாலையிலிருந்து புதிதாக வந்த சூடு அது.

மறுநாள் பாடசாலைக்கு வந்தவர் அவனது பாட்டனார். அவருக்கும் அதே பெயர். கோபப்படவில்லை.

"சேர், எண்ட பேர் பிழையெண்டா, எண்ட உம்மா இந்தப் பேரச் சொல்லி எனக்காகக் கேட்ட துஆவும் பிழையா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் கலீபா உதுமான் (ரலி) அவர்களின் பெயரோடு, மார்க்கம் கற்றவரைக் குறிக்கும் 'லெப்பை' சேர்ந்த பெயர் அது. மீராசாகிபு என்பது நாகூர் சாகுல் ஹமீது வலியின் நினைவு. முகைதீன் பாவா என்பது 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் நினைவு. சீனிமுகம்மதுவில் நபியின் பெயரோடு தமிழ்ச் செல்லமும் இருக்கிறது. அரபு இலக்கணத்துக்கு இவை பொருந்தாமல் போகலாம். ஆனால் நாம் எந்த வழியில் வந்தவர்கள் என்பதை இவை சொல்கின்றன.

பெயரின் பொருள் முக்கியமில்லை என்று நான் வாதிடவில்லை. உமர் (ரலி) அவர்களின் மகளொருவருக்கு இருந்த 'ஆசியா' என்ற பெயரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜமீலா என மாற்றினார்கள். மாறு செய்பவள் என்பது அதன் பொருள். பிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையாரின் பெயர் வேறு, அதன் அரபு எழுத்துக்களும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆசிரியன் இங்கே தவறிவிடுவான்.

கரடுமுரடான நிலம் எனப் பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயருடையவரிடம், இலகு எனப் பொருள்படும் 'ஸஹ்ல்' என்று மாற்றுமாறு நபியவர்கள் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். வற்புறுத்தியதாக அறிவிப்பில் இல்லை. ஆனால் அந்தக் கடினம் தம் குடும்பத்தில் நிலைத்துவிட்டது என்று அவரது பேரர் ஸஈத் இப்னுல் முஸய்யிப் சொன்னதாக புகாரியில் உண்டு. மறுபுறம் உமர், உதுமான், காலித் ஆகிய பெயர்கள் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவ முன்னரே வைக்கப்பட்டவை. அவை மாற்றப்படவில்லை. தீய பொருள் இருந்தால் மாற்றுவது நல்லது. மற்றப்படி ஒரு பெயருக்கு மதிப்பைத் தருபவர் அதைச் சுமப்பவரே.

இன்று என் இடாப்பில் ரிப்கான், ரிம்சான், ரிஸ்னா, சிப்னா என்று பெயர்கள் வருகின்றன. மூத்த பிள்ளையின் பெயரோசைக்கு இளையதன் பெயரைப் பொருத்துகிறார்கள். சிலவற்றுக்கு வேர்ச்சொல் தேடினாலும் அகப்படாது. எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பும் அன்றைய திருத்தமும் ஒரே அகந்தையின் இரண்டு முகங்கள்தானே? பாட்டனின் பெயரை வைப்பவர் 'நீ எங்களில் ஒருவன்' என்கிறார். புதுப்பெயர் தேடுபவர் 'உன்னைப்போல் வேறொருவர் இல்லை' என்கிறார். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். பிள்ளையைக் கேட்காமலே வைப்பதால் பெயர் ஓர் அமானத். வைக்கும் முன் பெற்றோர் பொருளைக் கேட்டறியட்டும். வைத்த பின் நாம் அதை மதிப்போடு அழைப்போம்.

அந்தப் பையனின் பெயரை, சேர் சொன்னதென்று, வீட்டார் மாற்றிவிட்டார்கள். நான் போய்த் தடுக்கவில்லை. உதுமாலெப்பை என்ற பெயர் அக்குடும்பத்தில் பாட்டனாரோடு முடிந்தது.