அழாதே

பிள்ளை அழுதால் "அழாதே" என்கிறோம். இது அன்பா, அல்லது அந்த அழுகையைத் தாங்க முடியாத நமது இயலாமையா? பதுளையில் ஆசிரியனாக இருந்து பல பிள்ளைகளின் அழுகையை அடக்கியவன் நான். இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களுள் சிலருக்குத் திரும்பிப் போக வீடுமில்லை, பெற்றோருமில்லை. உடுதுணிகளோடு நாங்கள் சிலர் போயிருந்தோம். முகாமில் அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவனிடம், "நீ பெரிய பையன், அழக்கூடாது" என்றேன். நிறுத்திவிட்டான். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

இரண்டு வருடங்களின் பின் எங்கள் வீட்டுப் பூனை செத்தது. அழுத மகனிடம், "ஆம்புளப் புள்ள பூனைக்கு அழுவியா?" என்றேன். அவனும் நிறுத்தினான். அந்த வாரமே தங்கச்சியின் பொம்மையை உடைத்தான். அடித்தேன். அதன்பின் அவன் என்னிடம் எதையும் சொல்வதில்லை, எல்லாம் உம்மாவிடம்தான். அவனது துயரம் நிற்கவில்லை, அது என்னிடம் வருவதுதான் நின்றுபோயிருக்கிறது என்பது மெல்லத்தான் உறைத்தது.

அபூ உமைரின் சம்பவம் நாம் அறிந்ததே. வளர்த்த குருவி இறந்து வாடியிருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். ஜும்ஆவில் பலமுறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். வீட்டில் பூனை செத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

துயரத்தை ஏற்பது வேறு, பொம்மை உடைப்பதை ஏற்பது வேறு. "கோபமா மகன்? ஆனா உடைக்கக்கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் 1990களில் பெற்றோரை ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உணர்வைப் புரிந்துகொள், நடத்தைக்கு எல்லை போடு.

ஆனால், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, அந்தியில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் தோட்டத்துத் தாயிடம் இதைப் போதிக்க எனக்கு வாய் வரவில்லை. செவிமடுக்க நேரம் வேண்டும். அவளது நேரம் நாட்சம்பளத்துக்குப் போய்விடுகிறது. அவளது "அழாதே" களைப்பில் வருவது. எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. பின்னேரங்கள் முழுக்க என் கையில் இருந்தன.

மகன் வளர்ந்துவிட்டான். சென்ற வாரம் அந்தப் பூனையைப் பற்றிக் கேட்டேன். "வாப்பாக்கு அது ஞாபகமிருக்கா?" என்று ஆச்சரியப்பட்டான். பிறகு கொஞ்சம் பேசினான்.

மீரியபெத்தைப் பையனிடமும் கேட்க வேண்டும். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.