வழக்கமா, பாவமா?

ஆலயத்துக்குள் சாதி பார்ப்பது சமூக வழக்கமா, பாவமா? திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் தலித் கத்தோலிக்கர் ஒதுக்கப்படுவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பங்குப் பேரவையில் தீர வேண்டியது தில்லி வரை போனதே தலைகுனிவு. கேள்விக்கு விடை ஒன்றே: அது பாவம்.

கத்தோலிக்க அறவியல் இந்த விடைக்குச் சுற்றுவழியில்தான் வந்தது. 1606இல் மதுரை வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமயம் சாராத குல ஆசாரம் என்று வாதிட்டார். 1623இல் ரோமாபுரி ஒப்புதல் தந்தது. வழக்கத்துக்கு விட்ட இடத்தில் சாதியும் உட்கார்ந்துகொண்டது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது.

சீர்திருத்த சபைகளில் சில, கேள்வியை நேராகவே கேட்டன. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை அடியோடு விடச் சொன்னார். அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் சேர்ந்து உண்பதையே சோதனையாக வைத்தது. மறுத்த உபதேசியார் பலர் வேலை இழந்தனர். மனந்திரும்பியவர் யார் என்பது பந்தியில் தெரிந்தது.

சாதியைப் பொறுத்துப் போனால்தான் மக்கள் சபையில் நிலைப்பார்கள் என்ற வாதத்திலும் சிறிது நியாயம் உண்டு. லைப்சிக் லுத்தரன் மிஷனும் அப்படியே எண்ணியது. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர் ஒதுக்கப்பட்டவரே.

தொழுகைக் கூடத்தில் செல்வருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் தருவதை யாக்கோபு திருமுகம் பாவம் என்கிறது. ஆள் பார்த்துப் பகிர்வது நீதிக்கு எதிரான பாவம் என்கிறார் தாமஸ் அக்குவினாஸ். பெருமை அதிகாரத்தில் வள்ளுவர் எல்லா உயிரையும் பிறப்பால் சமமாக நிறுத்துகிறார். பிரிந்த சபைகளோடு நற்செய்தி ஒழுக்கம் பற்றி உரையாடலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழி திறந்தது. பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு முரணானது என்று 1965இல் அறிவித்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் 2016ஆம் ஆண்டுக் கொள்கையும் சாதிப் பாகுபாட்டைச் சமூகப் பாவம் என்றே கண்டிக்கிறது.

ஏட்டில் எழுதியது ஊரில் நடக்க வேண்டும். சாதி பார்த்ததை ஒப்புரவில் பாவமாக அறிக்கையிடுவது கத்தோலிக்க மரபு தரும் வழி. ஒரே பந்தி, ஒரே தேர், இறந்தோரைச் சுமக்கும் ஒரே தூம்பா, ஒரே கல்லறைத் தோட்டம் என்று அதை மெய்ப்பிப்பது மதுரை மிஷன் காட்டிய வழி. இரண்டையும் மறுக்கும் பங்கு, நற்கருணையை நெருங்குமுன் தன் மனச்சான்றைக் கேட்கட்டும்.